‘ஸ்ட்ராங்’ என்பது எதன் அளவு? தங்கவயலும் இரட்டை ஐபிஏவும்

கோலார் தங்கவயலின் இராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பீர் வாங்க வருகிறவரிடம் கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ‘ஸ்ட்ராங்கா, லைட்டா?’ அதே தெருவின் காபிக் கடையிலும் இச்சொல் புழங்குகிறது. ஆனால் அங்கே அதன் பொருள் வேறு. ‘ஸ்ட்ராங் காபி’ கேட்பவர் டிகாக்‌ஷன் தூக்கலாக இருக்க வேண்டும் என்கிறார். பால் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும், சர்க்கரை அதை மூழ்கடித்துவிடக் கூடாது என்பதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. கோப்பையில் எத்தனை மில்லிகிராம் காஃபீன் என்று எவரும் வினவுவதில்லை. பீருக்கு வரும்போது மட்டும் அச்சொல் சுவையைக் கைவிட்டுவிட்டு, புட்டியின் ஓரத்தில் அச்சிடப்பட்ட ஒரு விழுக்காட்டின் பெயராகச் சுருங்கிவிட்டது.

சொல்லின் பொருட்பரப்பு தானாகச் சுருங்குவதும் உண்டு, பிறரால் சுருக்கப்படுவதும் உண்டு. இது இரண்டாவது வகை. சட்டம், வரி, வணிகம் ஆகிய மூன்றும் சேர்ந்து ‘வலிமை’ என்பதை ‘ஆல்கஹால்’ என்பதாக மொழிபெயர்த்துவிட்டன. மதுவைப் பற்றிய தமிழ்நாட்டு, கருநாடக உரையாடல்கள் ஒழுக்கத்தையும் வருவாயையும் பேசுகின்றன; புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஏறக்குறையப் பேசுவதே இல்லை. அந்த மௌனத்தால் யாருக்கு இலாபம் என்று கேட்பதற்கு, இதே அளவு வலிமையுடைய, ஆனால் முற்றிலும் வேறான கணக்கில் உருவாகும் ஒரு பானத்தை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அது இரட்டை ஐபிஏ எனப்படும் டபுள் இந்தியா பேல் ஏல்.

கோலார் மாவட்டத்தில் ‘மால்ட்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி, வறுத்து அரைத்த ராகி மால்ட் இங்குக் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அன்றாட உணவு. பீர் ஆலையில் பார்லிக்கு நேர்வதும் இதுவே. முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் பிறக்கின்றன. வெந்நீரில் கரைத்து உரிய சூட்டில் வைத்தால் அவை மாவுப்பொருளைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. ஈஸ்ட் அச்சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஈஸ்ட்டால் உண்ண முடியாத மிச்சமே பீரின் உடல்: நாவில் உணரப்படும் கனம், ரொட்டியின் மேலோட்டை நினைவூட்டும் இனிமை.

ஹாப்ஸ் அத்தனை அறிமுகமானதன்று. அது கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. கோடையில் நீண்ட பகற்பொழுது வேண்டும் என்பதால் தென்னிந்தியாவில் அதைப் பயிரிடுவது எளிதன்று. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் சிறிதளவு விளைகிறது. பூவிதழ்களின் அடியில் மஞ்சள் பொடியாகத் திரளும் பிசினில் ஆல்பா அமிலங்கள் உள்ளன. கொதிக்கும் மால்ட் சாற்றில் ஒரு மணி நேரம்போல் கிடந்தால் அவை உருமாறிக் கசப்பாகின்றன. கொதியின் இறுதியிலோ, புளித்து முடிந்த பிறகு குளிர்நிலையிலோ சேர்த்தால் கசப்புக் குறைந்து மணம் மிகுகிறது. எலுமிச்சைத் தோல், மாங்காய், பைன் மரப் பிசின் என்று அம்மணத்தை அவரவர் பழக்கத்துக்கேற்ப விவரிப்பர்.

இவ்விரண்டின் உறவை விளங்கிக்கொள்ளத் தங்கவயல் தமிழருக்கு ஐரோப்பிய உவமை ஏதும் தேவையில்லை. யுகாதியன்று கன்னட வீடுகளில் வழங்கும் வேம்பும் வெல்லமும் இங்குத் தமிழ் வீடுகளுக்கும் தெரிந்ததுதான். சித்திரைப் பிறப்பில் வேப்பம்பூப் பச்சடி அவர்களுடைய மரபிலேயே உண்டு. அதில் வெல்லம் கசப்பைக் கொல்வதற்காகச் சேர்க்கப்படுவதில்லை. கசப்பு தெரியவே வேண்டும். ஆனால் அது முகத்தைச் சுளிக்க வைத்து அப்படியே நின்றுவிடாமல், ஒரு விளிம்பாக இருந்து விலக வேண்டும். வெல்லம் கூடினால் தெவிட்டும், பூ கூடினால் தொண்டையில் ஒட்டும். இரண்டும் பாதிப் பாதி என்பது சமநிலை ஆகாது. எந்தச் சுவை முன்னே நிற்கிறது, எது பின்னிருந்து தாங்குகிறது என்பதைத் தீர்மானிப்பதே சமநிலை. நல்ல இரட்டை ஐபிஏவில் பூ முன்னே நிற்கிறது.

ஐபிஏவின் பெயரில் ‘இந்தியா’ இருப்பதால் அதைச் சுற்றி ஒரு கதை பரவியிருக்கிறது: ஆறு மாதக் கடற்பயணத்தில் கெட்டுவிடாதிருக்க மிகுந்த ஆல்கஹாலும் மிகுந்த ஹாப்ஸும் சேர்த்துப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பீர் அது என்பது. மார்ட்டின் கார்னெல் போன்ற பீர் வரலாற்றாய்வாளர்கள் இக்கதையைப் பெரிதும் கலைத்துவிட்டனர். இலண்டனின் கிழக்கே, போ என்னுமிடத்தில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்கு அருகில் அமைந்திருந்தது. ஏற்கெனவே வழக்கில் இருந்த வெளிர்நிறப் பீரையே கப்பல் தலைவர்களுக்குக் கடனில் விற்றது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் ஆலை அச்சந்தைக்குள் நுழைந்தது. அன்றைய தரத்தில் இப்பீர் அப்படியொன்றும் போதை மிகுந்ததன்று, ஹாப்ஸ்தான் கூடுதல். மேலும் அது அதிகாரிகளும் வணிகர்களும் அருந்தியது. சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குக் கிடைத்தது பெரும்பாலும் கருநிறப் போர்ட்டர். ‘இந்தியா’ என்பது அக்குப்பியில் ஒட்டிய முகவரிதான். இந்தியர் நாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தங்கவயலின் காலம் இதற்குப் பிந்தியது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் சுரங்கப் பொறுப்பேற்றபோது தென்னிந்தியாவிலேயே பீர் ஆலைகள் இருந்தன. நீலகிரியின் காசில் ஆலை 1857ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறிக்கொண்டது. நீலகிரி, பெங்களூர், சென்னை வட்டாரங்களின் ஐந்து ஆலைகளை 1915இல் தாமஸ் லீஷ்மன் ஒன்றிணைத்ததில் பிறந்ததே யுனைடெட் புரூவரீஸ். சுரங்க அதிகாரிகளின் கிளப்பில் பீரும் விஸ்கியும். மண்ணுக்கடியிலிருந்து ஏறிவந்த வட ஆர்க்காட்டுத் தொழிலாளிக்குக் கள்ளும் சாராயமும். ஒரே ஊரில் இரண்டு மது உலகங்கள் நூறாண்டுக் காலம் அருகருகே இருந்தன.

இரட்டை ஐபிஏ இந்த வரலாற்றின் நேரடி வாரிசு அன்று. அது கலிஃபோர்னியாவில் பிறந்தது. டெமெக்குலா என்னும் ஊரில் பிளைண்ட் பிக் ஆலையில் 1994இல் வின்னி சிலுர்சோ உருவாக்கிய பீர், இவ்வகையின் தொடக்கங்களுள் ஒன்றாகப் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அவர் செய்ததாகச் சொல்லப்படும் கணக்கு மொழி மாணவர் கவனிக்கத் தக்கது: தம் வழக்கமான ஐபிஏவின் ஹாப்ஸை இருமடங்காக்கினார், மால்ட்டை ஏறக்குறைய 30 விழுக்காடு மட்டுமே கூட்டினார். அப்படியானால் ‘டபுள்’ என்னும் அடை எதைத் தழுவுகிறது? ஆல்கஹாலை அன்று, மால்ட்டை அன்று, பூவை மட்டுமே. பெயரடை முழுத்தொகைக்கும் உரியதுபோல் நின்றுகொண்டு ஓர் உறுப்பை மட்டும் பெருக்குகிறது. ‘டபுள் ஸ்ட்ராங்’ என்று காபிக் கடையில் கேட்பவர் டிகாக்‌ஷனை மட்டும் இரட்டிப்பாக்கக் கோருவதைப் போன்றதே இது.

மால்ட்டையும் இருமடங்காக்கினால் என்ன ஆகும் என்பதில்தான் சிக்கலின் மையம் இருக்கிறது. அடர்ந்த சாற்றில் ஆல்பா அமிலங்களின் உருமாற்றம் குறைவாகவே பயன் தருகிறது. வீட்டில் பீர் காய்ச்சுவோர் கையாளும் டின்செத் வாய்பாட்டின்படி, சாற்றின் ஒப்படர்த்தி 1.050இலிருந்து 1.080க்கு ஏறினால், அதே அளவு ஹாப்ஸிலிருந்து கிடைக்கும் கசப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது. அதாவது மால்ட் கூடக்கூட இனிப்பு ஏறுகிறது. அதை எதிர்க்க வேண்டிய கசப்போ அதே நேரத்தில் இளைக்கிறது. சரி, ஹாப்ஸை அள்ளிப் போடலாமே என்றால், கசப்பு அமிலங்கள் பீரில் கரைவதற்கும் எல்லை உண்டு. அந்த எல்லைக்குப் பின் சேர்ப்பதெல்லாம் இலைச்சாறும் துவர்ப்பும்தான். அந்தத் துவர்ப்பைக் கசப்பென்று எண்ணிப் பெருமிதம் கொள்ளும் பீர்கள் உலகெங்கும் உண்டு. அவை சமைத்தவரின் தைரியத்தைக் காட்டுகின்றன, வேறொன்றையும் காட்டவில்லை.

எனவே தேர்ந்தவர்கள் வேறு வழியில் செல்கின்றனர். மால்ட்டின் அளவைக் காட்டிலும் அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கட்டுப்படுத்துகின்றனர். 1.070 ஒப்படர்த்தியில் தொடங்கும் இரு பீர்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் ஈஸ்ட் 1.020இல் நின்றுவிடுகிறது, ஆல்கஹால் ஏறக்குறைய 6.6 விழுக்காடு, எஞ்சிய சர்க்கரை மிகுதி. மற்றொன்று 1.010 வரை இறங்குகிறது. ஆல்கஹால் ஏறக்குறைய 7.9 விழுக்காடு, உடல் மெலிந்தது. இரண்டுக்கும் ஒரே கசப்பு அளவு, 70 ஐபியு என்று வைத்துக்கொண்டாலும், முதலாவது பாகுபோல் தோன்றும்; இரண்டாவது தெளிவான கசப்புடன் முடியும். ‘வலிமை’ கூடிய பீரே நாவுக்கு மெலிந்ததாக இருப்பது முரண்போலத் தோன்றலாம். ஆனால் இரட்டை ஐபிஏவின் கலை இந்த முரணுக்குள்தான் இருக்கிறது. மால்ட்டைக் கரைக்கும் சூட்டைச் சற்றுத் தாழ்த்துவது, கேரமல் நிறத்தில் வறுத்த மால்ட்டை மிகச் சிறிதளவோடு நிறுத்திக்கொள்வது ஆகியவையெல்லாம் இதற்காகத்தான். வறுத்த மால்ட்டின் கருப்பட்டி மணமும் ஹாப்ஸின் பழமணமும் ஒன்றோடொன்று மோதும் என்பது இன்னொரு காரணம்.

சர்க்கரையும் இதற்காகச் சேர்க்கப்படுகிறது. சிலுர்சோ பின்னர் ரஷ்யன் ரிவர் ஆலையில் உருவாக்கிய, இவ்வகைக்கு இலக்கணமாகக் கொள்ளப்படும் ‘பிளினி தி எல்டர்’ 8 விழுக்காடு ஆல்கஹால் உடையது. அதிலும் சிறிதளவு சோளச் சர்க்கரை உண்டு. ஈஸ்ட் அதை மிச்சமின்றி உண்டுவிடுவதால் பீரின் உடல் உலர்ந்து, ஹாப்ஸுக்கு இடம் கிடைக்கிறது. இந்திய ஸ்ட்ராங் பீரின் மீது அறிந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் குற்றச்சாட்டும் ‘சர்க்கரை சேர்க்கிறார்கள்’ என்பதே. குற்றச்சாட்டு தவறான இடத்தில் விழுகிறது. அரிசி, சோளம், சர்க்கரை ஆகியவை தம்மளவில் குற்றவாளிகள் அல்ல. ஓரிடத்தில் சர்க்கரை பூவுக்கு வழிவிடுகிறது. மற்றோரிடத்தில் மால்ட்டின் செலவைக் குறைத்து ஆல்கஹாலை ஏற்றுகிறது. அங்கே எதிர்நிற்க ஹாப்ஸ் பேருக்கு மட்டுமே இருப்பதால், ஆல்கஹாலின் எரிவு எவ்வித மறைப்புமின்றித் தொண்டையில் இறங்குகிறது. பனிக்கட்டியளவு குளிர்வித்து, வேகமாகக் குடித்துமுடிக்கும் பழக்கம் அந்தச் சுவையைத் தவிர்ப்பதற்கான வழியே அன்றி வேறில்லை.

இவ்வாறு ஆனதற்குக் குடிப்பவரின் நாவைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு மதுபான விதிமுறைகள் பீரை ஆல்கஹாலின் அளவைக் கொண்டே வகைப்படுத்துகின்றன: 5 விழுக்காடு வரை ஒன்று, அதற்கு மேல் 8 விழுக்காடு வரை ‘ஸ்ட்ராங்’. பன்னாட்டுப் பீர் நடுவர் கையேடு இரட்டை ஐபிஏவுக்கு வரையறுக்கும் எல்லை 7.5 முதல் 10 விழுக்காடு. ஆக, இந்திய மண்ணில் அந்த வகைக்குக் கிடைப்பது அரை விழுக்காட்டு இடைவெளி மட்டுமே. அது பெரிய இழப்பன்று. 8 விழுக்காட்டுக்குள் சிறந்த இரட்டை ஐபிஏ சமைக்கலாம் என்பதற்குப் பிளினியே சான்று. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. புட்டியின் மீது கட்டாயமாக அச்சிடப்படும் எண்களுள் குடிப்பவர் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியது ஆல்கஹால் விழுக்காடு ஒன்றே. அது ஒன்றே தெரியும்போது, அன்றாடக் கூலியை எண்ணிச் செலவழிப்பவர் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு ஆல்கஹால் என்று கணக்கிடுவது பகுத்தறிவான செயல்தான். 650 மில்லி புட்டி 5 விழுக்காட்டில் 32.5 மில்லி ஆல்கஹால்; 8 விழுக்காட்டில் 52 மில்லி. விலை வேறுபாடு அந்த விகிதத்தில் இல்லையெனில் எதை வாங்குவார் என்று கேட்கத் தேவையில்லை. இந்தியப் பீர் விற்பனையின் பெரும்பகுதி ஸ்ட்ராங் வகையாக இருப்பதை ‘இந்தியச் சுவை’ என்று விளம்பர உலகம் பெயரிட்டழைக்கிறது. அது சுவையின் விளைவு அன்று. தகவல் பஞ்சத்தின் விளைவு.

தங்கவயலில் இக்கேள்வி வெறும் நுகர்வோர் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. இங்கே மதுவுக்கு எதிரான குரலும் பழையது, உள்ளூரிலேயே பிறந்தது. அயோத்திதாசரின் வழிவந்த சாக்கிய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுரங்கத் தொழிலாளரிடையே வேரூன்றியது. பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம் மதுவிலக்கு. மேலிருந்து உபதேசிக்கப்பட்ட ஒழுக்கமாக அதைப் பார்க்க முடியாது. தம் உழைப்பின் கூலி எங்கே போகிறது என்று தொழிலாளரே கேட்ட கேள்வியாக அதைப் படிக்க வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அன்றுமுதல் ஊரின் உழைப்பு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் விடியற்கால ரயில்களில் ஏறிச் சென்று இரவில் திரும்புகிறது. 2007இல் கருநாடகம் சாராயத்தைத் தடைசெய்தது. மலிவு மதுவின் பெயரும் உறையும் மாறின, தேவை மாறவில்லை. இந்தப் பின்னணியில் ‘ஸ்ட்ராங்’ என்னும் அச்செழுத்துக்கு வேறொரு கனம் உண்டு. களைப்பை மிகக் குறைந்த செலவில், மிகக் குறைந்த நேரத்தில் அணைக்கும் வாக்குறுதி அது.

இந்நிலையில் மால்ட், ஹாப்ஸ் சமநிலை பற்றிப் பேசுவது வசதி படைத்தோரின் நாக்குநயம் என்று ஒரு மறுப்பு எழும். பெங்களூரின் இந்திராநகர் மதுக்கூடத்தில் ஒரு கோப்பை கைவினைப் பீரின் விலை, ஊர்திரும்பும் பயணியின் ஒருவேளை உணவுச் செலவைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் விலை உயர்ந்ததென்பதால் அறிவும் உயர்குடிக்கே உரியதாகிவிடுமா? பில்டர் காபியின் நுணுக்கத்தைத் தமிழ்நாட்டின் எளிய கடைகள்தாம் காத்துவருகின்றன. சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டு வாங்கும் பழக்கம் பட்டதாரிகளிடம் மட்டும் இருப்பதன்று. கேழ்வரகுக் களி எந்தப் பதத்தில் இறக்கப்பட வேண்டும் என்பதில் தங்கவயல் வீடுகளுக்குள்ள கறார்த்தன்மை எந்த நடுவர் கையேட்டுக்கும் குறைந்ததன்று. தொழிலாளியின் நாவுக்கு உணவில் நுட்பம் உண்டு, மதுவில் மட்டும் இல்லை என்று நம்புவதுதான் உண்மையான மேட்டிமை. ஆலைகளும் ஆய்வாளர்களும் அதைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சமநிலை ஆபத்தானது என்பதே அது. மோசமான ஸ்ட்ராங் பீர் தன் எரிவால் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. நல்ல இரட்டை ஐபிஏவோ 8 விழுக்காட்டை மணத்துக்குள்ளும் உலர்ந்த முடிவுக்குள்ளும் ஒளித்துவைக்கிறது. 650 மில்லியில் இருக்கும் அதே 52 மில்லி ஆல்கஹால் கல்லீரலுக்கு ஒரே 52 மில்லிதான். பூவின் மணம் அதை மாற்றிவிடாது. சமநிலையான பீர் உடலுக்குத் தீங்கற்றது என்று எவரேனும் சொன்னால் அது விளம்பரம். இங்கு வாதிடப்படுவது வேறு. ஒளித்துவைத்தல் சமையலின் குணம். அறிவித்தல் சட்டத்தின் கடமை. சமநிலை கூடக்கூடப் புட்டி சொல்ல வேண்டியதும் கூடுகிறது. கோப்பை சிறியதாக இருக்க வேண்டும் என்பதும் அதோடு சேரும். உலகின் பல மதுக்கூடங்கள் இரட்டை ஐபிஏவைப் பெரிய கோப்பையில் ஊற்றுவதில்லை. 650 மில்லி என்னும் இந்தியப் புட்டி அளவு 8 விழுக்காட்டுப் பீருக்குப் பொருந்தாத அளவு. ஆனால் அதைப் பற்றி விவாதமே எழுந்ததில்லை.

நீரைப் பற்றியும் சில சொல்ல வேண்டும், ஏனெனில் பீரில் பெரும்பகுதி நீர்தான். பர்ட்டன் நகரத்து ஐபிஏ வென்றதற்கு அதன் கிணற்று நீரில் மிகுந்திருந்த ஜிப்சம் முதன்மைக் காரணம். சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்குகிறது. குளோரைடு மால்ட்டின் உருண்டையான இனிமையை முன்தள்ளுகிறது. ஒரே செய்முறையை இருவேறு நீரில் சமைத்தால் இருவேறு பீர்கள் கிடைக்கும். கோலார் மாவட்டத்தின் நிலத்தடி நீர் ஃபுளோரைடுக்குப் பெயர்பெற்றது. குடிப்பதற்கே இடர் தருவது. தங்கவயலுக்கு நீர் தந்த பேத்தமங்கலம் ஏரியை நம்பியே ஒரு நூற்றாண்டு வாழ்க்கை நடந்தது. இங்கே பீர் ஆலை எதற்கு, முதலில் குடிநீர் வேண்டும் என்பவரிடம் எதிர்வாதம் இல்லை. இக்காலத்து ஆலைகள் எந்த நீரையும் முழுதாகச் சுத்திகரித்து, வேண்டிய உப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் பீருக்குப் பல லிட்டர் நீரைச் செலவழிக்கவும் செய்கின்றன. வறண்ட மாவட்டம் ஒன்றில் இதுவும் கணக்கில் வர வேண்டியதே.

கேழ்வரகுக்கு வரலாம். முளைத்த கேழ்வரகில் மாவுப்பொருளை உடைக்கும் நொதி மற்றச் சிறுதானியங்களைவிட மிகுதி. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கேழ்வரகு மால்ட்டில் பீர் சமைப்பது பழைய மரபு. சிக்கிம், நேபாளப் பகுதிகளின் தோங்பாவும் கேழ்வரகில் புளிப்பதே. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் களியிலிருந்து கள் சமைக்கும் முறையை விரித்துரைப்பதை நினைத்தால், தானியத்திலிருந்து மது என்பது தமிழுக்கும் அயலன்று. எனினும் கேழ்வரகை இரட்டை ஐபிஏவில் சேர்த்துவிட்டு ‘மண்ணின் சுவை’ என்று பெயர் சூட்டும் உற்சாகத்துக்குச் சற்றுக் கடிவாளம் தேவை. பழுப்புக் கேழ்வரகின் தோலில் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. ஹாப்ஸிலிருந்தும் துவர்ப்பு வருகிறது. இரண்டும் சேர்ந்தால் கசப்பு கூர்மையிழந்து சொரசொரப்பாகும். பார்லிக்கு உள்ள உமி கேழ்வரகுக்கு இல்லாததால் சாற்றை வடிப்பதும் கடினம். சிறு பங்காகச் சேர்த்து, ஹாப்ஸைக் கொதியில் குறைத்து இறுதியில் கூட்டி, நீரில் குளோரைடைச் சற்று ஏற்றினால் பொருந்தலாம். இது சமைத்துப் பார்த்துத் தீர்க்க வேண்டிய கேள்வி, முழக்கமிட்டுத் தீர்ப்பதன்று.

ஒரு தடை இன்னும் இருக்கிறது, அது கடைவீதியில் இருக்கிறது. ஹாப்ஸின் மணம் வெப்பத்திலும் ஆக்சிஜனிலும் விரைந்து மங்கும். மால்ட்டின் இனிமை மங்காது. ஆலையில் சமநிலையோடு புறப்பட்ட பீர், ஏப்ரல் மாத லாரியிலும் மின்சாரம் நின்ற குளிர்ப்பெட்டியிலும் சில வாரங்கள் கிடந்தால் இனிப்பும் அட்டைப்பெட்டி வாடையுமாகக் கிடைக்கும். மால்ட்டின் பக்கம் சாயும் அந்தச் சமநிலைக்குச் சமைத்தவர் பொறுப்பல்லர். குடித்தவரோ ‘இதுவா அந்த ஐபிஏ’ என்று ஸ்ட்ராங் பீருக்கே திரும்புவார். எனவே தயாரித்த தேதி கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று கோருவது சுவையியலாளரின் ஆடம்பரம் அன்று.

கோரிக்கைகள் உண்மையில் சிறியவைதாம். மால்ட் எத்தனை பங்கு, அரிசியும் சோளமும் சர்க்கரையும் எத்தனை பங்கு என்று புட்டி சொல்ல வேண்டும். கசப்பு அளவு ஓர் எண்ணாக வேண்டும். ஆல்கஹாலை விழுக்காட்டில் மட்டுமன்றி, அப்புட்டியில் மொத்தம் எத்தனை மில்லி என்றும் எழுத வேண்டும். 52 மில்லி என்னும் எண் 8 விழுக்காடு என்பதைவிட வெளிப்படையாகப் பேசும். இவை கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் இருந்தால்தான் மும்மொழி எல்லையான தங்கவயலில் பயன்படும்.

மொழித்துறைக்கும் இதில் வேலை உண்டு. தெவிட்டல், துவர்ப்பு, கசப்பு, கடுப்பு, காட்டம், எரிவு என்று தனித்தனிச் சொற்களை வைத்திருக்கும் தமிழ், பீர்க் கடையின் முன் மட்டும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ‘கடுங்கள்’ என்று பழைய தமிழ் சொன்னபோது புளிப்பின் முதிர்ச்சியும் அதில் சேர்ந்தே ஒலித்தது. மாரிக்குப்பம் ரயிலில் திரும்புபவர்கள் தாம் அருந்தியதை எந்தச் சொற்களால் விவரிக்கிறார்கள், கன்னடத்திலிருந்தும் தெலுங்கிலிருந்தும் எவற்றைக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பதைத் தொகுக்கும் ஓர் எளிய களஆய்வு முதுகலை மாணவர் ஒருவருக்கு ஒரு பருவத்துக்கான வேலை.